கோணிக்காரன்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் மருதநாடு, அந்தப் பக்கம் பாலைநாடு. நடுவிலே ஒரு மணல்திட்டு. அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அந்தத் திட்டில் ஒரு குரு இருந்தார். முப்பது வயதுகூட நிரம்பாத பெண். இரண்டு கரையிலும் அவரை அம்மை என்றே கூப்பிட்டார்கள்.

மருதநாட்டுச் செவ்வந்தி அவருடைய சீடப்பெண். அன்று மாலை மகனை இடுப்பிலும், துணிமணி திணித்த கோணிப்பையைத் தோளிலும் சுமந்துகொண்டு திட்டில் வந்து இறங்கினாள். வணங்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"நாளையிலேர்ந்து ஆத்துல படகு கிடையாதாம் அம்மை. ரெண்டு அரசாங்கமும் பறையடிச்சிட்டாங்க. இன்னிக்கு விட்டா இல்லை. நான் அந்தப் பக்கம் போயிடட்டுமா?"

"உக்காரு."

"உக்கார முடியலை. எங்க ஊர்ல முப்போகம் விளையுது. களத்துல நெல்லு குவிஞ்சு கிடக்கு, வீட்டுல அரிசி இல்லை. கேட்டா, எல்லாம் பாலைநாட்டானாலதான்னு சொல்றாங்க. அவனுக்குப் பயந்து காவல் கோபுரம் கட்டணுமாம், அதுக்கு வரியாம். கோபுரத்துல நிக்க ஆள் வேணும்னு இவன் அப்பாவையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு சேதி இல்லை. அங்கே புல்லுகூட முளைக்காது. ஆனா உப்பு விக்கிறாங்க, சாலை போடுறாங்க, பொழுது சாஞ்சா கூலி கைக்கு வந்துடுதாம். ஒரே ஆறு, ஒரே வெயில். ஏன் இப்படி? இவன் எங்கே இருந்தா பயமில்லாம வளருவான்? அதை மட்டும் சொல்லுங்க."

அம்மை எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் சோறு கொண்டுவந்தார். அரிசி இந்தக் கரையில் யாரோ கொடுத்தது. உப்பு அந்தக் கரையில் யாரோ கொடுத்தது.

"முதல்ல பிள்ளைக்கு ஊட்டு."

மூன்று வயதுப் பரிதி வாயை இறுக மூடிக்கொண்டான். செவ்வந்தி கெஞ்சினாள், காக்காய் காட்டினாள். படகு வந்துவிடுமே என்ற பதற்றத்தில், தினமும் சொல்வது தானாகவே வாயில் வந்தது.

"திறடா வாயை. இல்லேன்னா பாலைநாட்டான் வந்து கோணியில போட்டுக் கட்டிக்கிட்டுப் போயிடுவான். அதோ பார், வரான்!"

பரிதி வாயைத் திறந்தான். மெல்லாமலே விழுங்கினான். கண் மட்டும் எதிர்க்கரையை விட்டு நகரவில்லை.

பாலைநாட்டுப் படகு வந்து நின்றது. ஒரு பெண் சிறுமியோடு இறங்கினாள்.

"அக்கா, மருதநாட்டுக்கு அந்தப் பக்கத்துத் துறையிலதானே ஏறணும்?"

"அங்கேயா?" செவ்வந்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பைத்தியமா உனக்கு? அங்கே சோத்துக்கே வழியில்லை!"

"எங்க ஊர்ல சோறு இருக்கு, திங்கத்தான் நேரமில்லை. அஞ்சு வயசானா பிள்ளையையும் உப்பளத்துல விடணும்னு சட்டம் போட்டுட்டாங்க. நாம அசந்தா மருதநாட்டான் ஏறி வந்துடுவானாம். இவளுக்கு வர்ற மாசம் அஞ்சு..."

அதற்குள் சிறுமி வீரிட்டாள். தாயின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மா! கோணி வச்சிருக்காம்மா!"

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. "சோறு திங்க அடம்பிடிப்பா. அதுக்காகச் சும்மா... மருதநாட்டுக்காரி கோணியில போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவான்னு... தப்பா நினைக்காதேக்கா."

செவ்வந்தி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"பாலைநாட்டுக்கு வர்றவங்க ஏறுங்க! இதான் கடைசி!" என்றார் ஓடக்காரர்.

அவள் மகனை வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். படகைக் கண்டதும் பரிதி துறைக் கம்பத்தைக் கட்டிக்கொண்டான். "வேணாம்மா! கோணிக்காரன்! வேணாம்மா!"

"என்ன தாயி, யானையையா ஏத்துறே? வெளிச்சம் போகுது!"

ஒரு விரலைப் பிரித்தால் மறு விரல் இறுகியது. செவ்வந்தி அழுதுவிட்டாள். "அம்மை, நீங்களாவது சொல்லுங்க. அங்கே அப்படி யாரும் இல்லைன்னு இவன்கிட்டச் சொல்லுங்க!"

அம்மை கோணிப்பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார். இரண்டு புடவை, குழந்தைச் சட்டைகள், பித்தளை டம்ளர், ஒரு மரக்குதிரை.

சிறுமி எட்டிப் பார்த்தாள். "உள்ளே யாருமே இல்லை."

பரிதியின் பிடி தளர்ந்தது. "அது என் குதிரை," என்றான்.

அம்மை கிண்ணத்தைச் செவ்வந்தியின் கையில் கொடுத்தார். "மிச்சம் இருக்கு. ஊட்டு."

அவள் ஒரு வாய் உருட்டி நீட்டினாள். பரிதி அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"சாப்பிடலேன்னா யாரும்மா வருவா?"

செவ்வந்தி நீட்டிய உருண்டையைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டாள்.

இந்தத் துறையில் ஒரு ஓடக்காரர் கூப்பிட்டார். எதிர்ப்புறம் மருதநாட்டுத் துறையில் இன்னொருவர் கூப்பிட்டார்.

"அம்மை... படகு போயிடும்."

"பிள்ளை கேட்டதுக்குப் பதில் சொல்லு," என்றார் அம்மை. "அப்புறம் எந்தப் படகுல வேணும்னாலும் ஏறு."