எட்டும் உயரம்

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர். ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளி. அம்பலவாணன் அங்கே தலைமையாசிரியர். அவருக்குக் குரு, வேலைக்கு வந்து நாலு வருடமே ஆன செல்வமேரி டீச்சர். கணினியை எப்படித் திறப்பது என்பதிலிருந்து எல்லாம் டீச்சர் சொல்லிக் கொடுத்ததுதான்.

"சீடருக்கு மூட்டுவலி, குருவுக்குக் கைக்குழந்தை" என்று ஊரில் சிரிப்பார்கள். அம்பலவாணனும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வருடம் ஒன்றியத்துக்கு ஒரே ஒரு பெரிய தொடுதிரை வந்தது. கை வைத்தால் எழுதும், படம் காட்டும், பாடும். நல்ல திட்டம் எழுதித் தரும் பள்ளிக்கு அது என்றார்கள். அம்பலவாணனுக்கு வைகாசியோடு ஓய்வு. அதற்குள் அந்தத் திரை தன் பள்ளிக்கு வந்துவிட வேண்டும் என்று பதினைந்து நாள் உட்கார்ந்து எழுதினார். நாற்பது பக்கம். தலைப்பு: 'அனைவருக்கும் எட்டும் தொழில்நுட்பம்.'

"என்ன குறை டீச்சர்? சாயங்காலம் அனுப்பணும்."

டீச்சர் தலைப்பைத் தாண்டவில்லை.

"எங்க மாட்டப் போறீங்க சார்?"

"ஆணியே அடிச்சாச்சு. அடி விளிம்பு என் தோளுக்கு வரும். வாசல்ல நின்னாலும் தெரியணும்ல?"

"எட்டும்னு எழுதியிருக்கீங்க. எட்டுதான்னு பாத்துடலாமா?"

ஒன்றாம் வகுப்பிலேயே குள்ளம் முத்தரசி. அவள் உள்ளங்கையில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்தார் டீச்சர்.

"கீழ் ஆணியைத் தொடு கண்ணு."

முத்தரசி எக்கினாள். ஆணிக்கு ஒரு சாண் கீழே வெள்ளையாய் ஒரு கை பதிந்தது.

"அஞ்சாப்புக்குப் போயித் தொடுறேன் டீச்சர்."

வகுப்பே சிரித்தது. அம்பலவாணன் சிரிக்கவில்லை.

"திரையோட மேல் விளிம்பு இந்தக் கைக்கு வரணும் சார்."

"அப்போ தரையை உரசுமே! நான் எப்படி எழுதுறது? இடத்தைப் பார்க்க வர்ற அதிகாரி, மாட்டவே தெரியலையேன்னு வேற ஊருக்குக் கொடுத்துட்டுப் போயிடுவார் டீச்சர்."

டீச்சர் அடுத்த பிள்ளையின் கையில் பொடியைத் தேய்த்தார்.

மதியத்துக்குள் சுவரில் அறுபத்துமூன்று கைகள். பாதிக்கு மேல் ஆணிக்குக் கீழேதான் என்று அம்பலவாணன் எண்ணிப் பார்த்தார். பிறகு தானே ஆணிகளைப் பிடுங்கினார். நாற்பது பக்கத்தை மேசைக்குள் வைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதினார். எந்த உயரம், எந்தக் கிழமை யார் கை, யார் துடைப்பது. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார்.

"பக்கத்து ஊர்ல பைண்டு பண்ணி அனுப்பியிருக்காங்க. நீங்க ஒத்தத் தாள். சரி, வாத்தியார் எங்க நின்னு எழுதுவார்?"

"நிக்க மாட்டார் சார்." வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அம்பலவாணன் தரையில் சம்மணமிட்டார். "எங்க பள்ளிக்கூடத்தோட உயரம் இதுதான்."

அதிகாரி சுவரிலிருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் அவரும் தரையில் உட்கார்ந்து, அந்த ஒற்றைத் தாளை மடியில் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

திரை வந்தது. முதல் நாள், முத்தரசி ஒரு விரலால் பெரிய 'ம' போட்டாள். அம்பலவாணன் முன்வரிசையில் நட்டநடுவே உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இவ்வளவு பெருமையா நான் இருந்ததே இல்லை. இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?"

"கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார்," என்றார் டீச்சர். "பின்னால பிள்ளைகளுக்கு மறைக்குது."