வளையத்தில் ஓர் அறை காலியான கதை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள் இருந்தவர்களுக்கெல்லாம் வாய் இருந்தது. நினைவகம் முணுமுணுக்கும், ஹார்ட் டிஸ்க் இருமும், மின்விசிறி எல்லாரையும்விட அதிகமாகப் புலம்பும். நிரல் எழுதுகிறவர்கள் திரைக்கு முன்னால் குனிந்து ஒரு கேள்வி கேட்டால் உள்ளே இருந்து பதில் வந்துவிடும். இப்போதுபோல எங்கே பிழை என்று மூன்று நாள் தேடித் தலையைப் பிய்த்துக்கொள்கிற கொடுமையெல்லாம் அப்போது கிடையாது.

பாளையங்கோட்டையில் தெய்வநாயகி என்று ஒருத்தி இருந்தாள். பாட்டு ஒலிக்கவைக்கும் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். பாட்டு என்றால் லேசுப்பட்ட பாட்டு இல்லை. ஆறு பெண்கள் வட்டமாக நின்று கும்மி பாட, ஆளுக்கொரு மைக் வைத்து ஆறு ஃபைல்களாகப் பதிந்திருந்தார்கள். அதை ஒரு கூடத்தில் சுற்றிலும் ஆறு ஸ்பீக்கர் வைத்து ஒலிக்கவிட வேண்டும். நடுவில் உட்கார்ந்திருக்கிற சனங்களைச் சுற்றிக் கும்மி நடக்க வேண்டும். ஆறில் ஒன்று கண் இமைக்கிற நேரம் பிந்தினாலும் போச்சு. அது கும்மியாக இருக்காது, குழாயடியாக இருக்கும்.

இதற்காக உள்ளே இரண்டு பேரை வேலைக்கு வைத்தாள். தன் தெருக்காரர்கள் பெயரையே அவர்களுக்கும் வைத்தாள். கொண்டுவந்து கொட்டுகிறவன் சொரிமுத்து. எடுத்துக் கொடுக்கிறவள் ஆவுடை.

சொரிமுத்துவின் வேலை ஓட்டம். ஹார்ட் டிஸ்க் எங்கேயோ இருக்கிறது, அங்கே ஆறு பாட்டுக்கும் ஆறு கிடங்கு. ஆறிலும் ஏறி இறங்கி, ஒரு துணுக்கு ஒலி வீதம் அள்ளிக்கொண்டு திரும்ப வேண்டும். ஆவுடையின் வேலை நிதானம். அவளுக்குப் பக்கத்தில் தட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார். கடிகாரம்போல டொக், டொக் என்று தட்டுவார், வேறு எதுவும் தெரியாது அவருக்கு. ஒவ்வொரு தட்டுக்கும் ஆவுடை ஆறு துணுக்கை எடுத்து ஆறு ஸ்பீக்கருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். பாட்டு முடிகிறவரை, ஊரே முழுகினாலும் தட்டு நிற்காது.

ஓடுகிறவன் எப்போது வருவான் என்று சொல்ல முடியாது, தட்டுகிறவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். இருவருக்கும் ஒத்துவர வேண்டுமே என்று தெய்வநாயகி நடுவில் ஒரு வளையம் கட்டினாள். வட்டமாகப் பதினாறு அறைகள். சொரிமுத்து ஒவ்வோர் அறையாகக் கொட்டிக்கொண்டே முன்னே போவான், ஆவுடை ஒவ்வோர் அறையாக எடுத்துக்கொண்டே பின்னே வருவாள். பதினாறு முடிந்தால் மறுபடியும் ஒன்று. அடுத்து எந்த அறையில் கை வைக்கப் போகிறோம் என்பதை அவரவர் பலகையில் எழுதி உயர்த்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் அதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஆவுடைக்குச் சொரிமுத்துவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தப் பலகையும் குரலும்தான். முகம் பார்த்ததில்லை. பாட்டு தொடங்கும்போது முதல் எட்டு அறைகளை அவன் நிரப்பிய பிறகுதான் அவளை எழுப்புவார்கள். அவள் கண் விழிக்கும்போது அவன் அரை வட்டம் தள்ளிப் போயிருப்பான்.

ஆனால் அவன் கொட்டி வைத்திருக்கிற விதம் இருக்கிறதே! வேறு யாராவது என்றால் ஆறையும் ஒரே குவியலாகப் போட்டுவிட்டுப் போவார்கள். அவன் ஆறையும் வரிசையாக, அவள் கைக்கு எட்டுகிற பக்கமாகத் திருப்பி வைத்திருப்பான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. ஒருநாள் அதைக் கவனித்தாள், மறுநாளும் கவனித்தாள், மூன்றாம் நாள் ஓர் அறைக்குள் நுழையும்போதே அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாவம், மாட்டிக்கொண்டாள்.

“ஏளா ஆவுடை, ஏழாவதுல சரியா வச்சிருக்கனா?” என்று வளையத்துக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும்.

“வச்சிருக்கீங்க, வச்சிருக்கீங்க. நீங்க எங்க இருக்கீங்க?”

“பலகையப் பாரு. பதினஞ்சு.”

“பலகைய யாரு கேட்டா?” என்பாள். அதற்குள் அவன் கிடங்குக்கு ஓடியிருப்பான்.

ஒருமுறை கிடங்கில் ஏதோ நெரிசல், சொரிமுத்து வரத் தாமதமாகிவிட்டது. ஆவுடை ஒவ்வோர் அறையாக எடுத்துக்கொண்டே போய் அவனுக்கு ஓர் அறை பின்னால் வரை வந்துவிட்டாள். அதோ பலகை, கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் பலகையை நட்டுவிட்டு ஆள் கிடங்குக்குப் போயிருந்தான். அவன் நின்ற இடம் மட்டும் இருந்தது. அதற்கு முன்னால் அவளுக்கு அவனைப் பார்க்க வேண்டும் என்று ஆசைதான் இருந்தது. அன்றைக்குப் பிறகு அவனைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவளால் வேகமாக நடக்க முடியாது, தட்டுக்காரர் விடமாட்டார். அவன் பிந்தினால் பாட்டு அறுந்துவிடும். மிச்சம் ஒரே வழிதான். அவன் ஓடி, ஒரு முழு வட்டத்தைக் கடந்து, அவள் முதுகுப் பக்கமாக வந்து அவளைப் பிடிக்க வேண்டும். அதுவரை அவன் ஒருநாளும் எட்டு, ஒன்பது அறைக்கு மேல் முந்தியதில்லை. ஆறு கிடங்கு ஏறி இறங்குகிறவனுக்கு அதுவே பெரிது.

ஆவுடை யோசித்தாள். ஆசை வந்தால் மூளை தானாக வேலை செய்யும் போலிருக்கிறது.

“ஒண்ணு கேக்கட்டா? ஒரு அறைக்கு ஒரு தடவைன்னு எதுக்குக் கிடங்குக்கு ஓடுதீங்க? போனது போறீங்க, ஒவ்வொரு கிடங்குலயும் நாலு அறைக்குச் சேத்து அள்ளிட்டு வந்தா என்ன?”



“இது எனக்குத் தோணலையே!” என்றான் சொரிமுத்து. பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்படிச் செஞ்சா நான் உன்னையப் பிடிச்சிருவேன், தெரியும்லா?” என்றான்.

“தெரிஞ்சுதான் சொல்லுதேன். ஓடி வாங்க.”

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் மாற்றியது.

அன்றைக்குத்தான் கூடத்தில் முதல் அரங்கேற்றம். மாலை நாலு மணி, இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை நடந்ததெல்லாம் ஒத்திகை, தெய்வநாயகி பாதியிலேயே நிறுத்திவிடுவாள். இன்றைக்குத்தான் முழுப் பாட்டு. கும்மி தொடங்கியது. கைத்தட்டல் ஒரு மூலையில் எழும்பி அடுத்த மூலைக்குப் போக, சனங்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கதவோரம் நின்ற தெய்வநாயகிக்கு முகமெல்லாம் பல்.

உள்ளே சொரிமுத்து நாலு நாலாக அள்ளிக்கொண்டு ஓடிவந்தான். பத்து அறை முந்தினான். பன்னிரண்டு. ஆவுடை ஒவ்வொரு தட்டுக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே அவன் பலகையைப் பார்த்தாள். பதினாலு அறை முந்திவிட்டான். பிறகு முதுகுப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அவள் பலகையில் ஏழு. அவன் பலகையிலும் ஏழு.

திரும்பினாள்.

“இவ்வளவுதானா நீங்க? குரலக் கேட்டு நல்ல நெடுநெடுன்னு இருப்பீங்கன்னு நினைச்சேன்” என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

“நீ மட்டும் என்னவாம்” என்றான் அவன்.

டொக் என்று தட்டு விழுந்தது. ஆவுடைக்குத் தெய்வநாயகி முன்பே ஒரு விதி சொல்லியிருந்தாள்: இரண்டு பலகையிலும் ஒரே எண் இருந்தால் சரக்கு இல்லை என்று அர்த்தம், எடுக்காதே. இன்னொரு நாள் சொரிமுத்துவுக்கு ஒரு விதி சொல்லியிருந்தாள்: இரண்டு பலகையிலும் ஒரே எண் இருந்தால் இடம் இல்லை என்று அர்த்தம், கொட்டாதே. தனித்தனியாகச் சொன்னாள். இருவரும் ஒரே அறையில் வந்து நிற்பார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

“காலி” என்றாள் ஆவுடை, தட்டுக்காரரைப் பார்க்காமலே. பதினாறு அறையும் நிறைந்து வழிகிறது, இவள் காலி என்கிறாள்! அவனோ, நிறைந்துவிட்டது என்று சாவகாசமாகச் சுவரில் சாய்ந்தான்.

“ஆவுடை, ஒண்ணு கேக்கணும். அந்தப் பாட்டு எப்படி இருக்கும்?”

“நீங்கதான தூக்கிட்டு வாரீங்க?”

“தூக்கிட்டு வாரேன். கேட்டதே இல்ல. துண்டு துண்டாத்தான கையில இருக்கு.”

இத்தனை நாள் தூக்கிச் சுமந்தவன் ஒருதரமும் கேட்டதில்லையாமே. அவன் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, ஆறு பெண்களும் எந்த வரிசையில் கை தட்டுவார்களோ அந்த வரிசையில் மெல்லத் தட்டிக் காட்டினாள். இடையிடையே தட்டுக்காரருக்குக் “காலி, காலி” என்று சொல்லிக்கொண்டாள்.

வெளியே பாட்டு நடு அடியில் நின்றுவிட்டது. இருநூறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெய்வநாயகி விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்து திரைக்கு முன்னால் குனிந்தாள்.

“ஏட்டி ஆவுடை! என்னட்டி ஆச்சு?”

“காலிக்கா.”

“ஏல சொரிமுத்து, நீ எங்கல போய்த் தொலைஞ்ச?”

“இங்கதாங்க்கா இருக்கேன். எல்லாம் நிறைச்சாச்சு, இடமே இல்ல.”

“ஒருத்தி காலிங்கா, ஒருத்தன் நிறைஞ்சிருக்குங்கான்! எந்த அறையில நிக்கிய, சொல்லுங்க.”

“ஏழு” என்றாள் ஆவுடை. “ஏழு” என்றான் சொரிமுத்து.

தெய்வநாயகி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயையோ, உங்க மேல தப்பில்ல. ஒரே எண்ணுக்கு ரெண்டு அர்த்தம் வச்சவ நான்.”

அப்படியே விட்டிருந்தால் ஆவுடை தப்பித்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

“என் மேலயும் இருக்குக்கா. அறை நிறைஞ்சு கிடக்கிறது எனக்குக் கண்ணுக்கு முன்னாலயே தெரியுது. தெரிஞ்சேதான் காலின்னு சொன்னேன். அவரப் பாக்காம என்னால இருக்க முடியல.”

தெய்வநாயகி விசைப்பலகையை இழுத்து வைத்துக்கொண்டாள். கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தி எழுந்திருக்கிற சத்தம் கேட்டது.

“இங்க பாருங்க, ரெண்டு பேரும் ஒரே எண்ணுல நின்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்கணும். நிறைஞ்சிருக்குன்னு வைக்கவா, காலின்னு வைக்கவா? நிறையும்போது சந்திச்சா, காலியாகும்போது சந்திக்க முடியாது. காலியாகும்போதுன்னா, நிறையும்போது முடியாது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். வெரசாச் சொல்லுங்க, சனம் எந்திரிக்குது.”

“நிறையும்போது!” என்றான் சொரிமுத்து உடனே. “இப்பத்தான் நாலு நாலா அள்ளுதனே. வளையம் அடிக்கடி நிறையும். பாட்டுக்கு நூறு தடவை பாத்துக்கலாம் ஆவுடை!”

ஆவுடை அவன் முகத்தைப் பார்த்தாள். நூறு தடவை. அவளுக்கு அந்த எண்ணே இனித்தது. ஆனால் நூறு தடவையும் அவன் கை நிறையச் சுமையோடு மூச்சு வாங்கிக்கொண்டு வருவான். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் தட்டு விழும். இவள் எட்டாவது அறைக்குப் போக வேண்டும், அவன் கிடங்குக்குத் திரும்ப வேண்டும்.

“வேண்டாம்” என்றாள். “காலியாகும்போது.”

“ஏளா! அது பாட்டு முடியும்போதுதான வரும்? ஒரே ஒரு தடவை!”

“ஒரே ஒரு தடவைதான். ஆனா அப்ப உங்க கையில சுமை இருக்காது. எனக்குத் தட்டு இருக்காது. ஓடிக்கிட்டே நூறு தடவை பாத்து நான் என்ன செய்ய? எனக்கு நீங்க நிக்கணும்.”

சொரிமுத்து தலையை ஆட்டினான்.

தெய்வநாயகி மளமளவென்று இரண்டு வரியை மாற்றினாள். “ஏல, இனிமே நீ அவளுக்கு முந்தின அறை வரைக்கும்தான் வரணும். அங்க வந்து நில்லு, ஆனா கொட்டப்படாது. அவ ஒரு அறை நகர்ந்தாத்தான் நீ அதுல கொட்டணும். கடைசியாக் கொட்டினத அள்ளிட்டு ஆறாவதுக்குப் போ.”

அவன் அள்ளிக்கொண்டு போனான். இருவருக்கும் நடுவில் ஒரு சுவர் வந்தது. தட்டு விழுந்தது. ஆவுடை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏழாவது அறையில் கை வைத்தாள், கூடத்தில் கும்மி விட்ட அடியிலிருந்து எழுந்தது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பாட்டு நெடுக அவள் நகர நகர, சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. கேட்டும் பார்க்க முடியாத அந்த வேதனையை என்னவென்று சொல்ல.

பிறகு கிடங்கு தீர்ந்தது. சொரிமுத்து கடைசித் துணுக்கைக் கொட்டிவிட்டு வெறுங்கையோடு நின்றான். அவன் பலகை பதினொன்றில் நின்றது, இனி அது நகராது. ஆவுடைக்கு இன்னும் பதினைந்து அறை இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் ஒரு கைத்தட்டல், அவனை நோக்கி நடந்தாள். ஒன்பது, பத்து. ஆறு பெண்களும் சேர்ந்து கடைசியாகத் தட்டிய ஒலியை ஆறு ஸ்பீக்கருக்கும் கொடுத்துவிட்டு, பலகையில் பதினொன்று என்று எழுதினாள். தட்டு நின்றது. அவன் அங்கேயே இருந்தான்.

அன்று முதல்தான் ஒலி வளையம் கட்டுகிறவர்கள் எல்லாரும் ஓர் அறையைக் காலியாக விடுகிறார்கள். பதினாறு கட்டினால் பதினைந்தில்தான் பாட்டு. ஏன் ஒன்றை வீணாக்குகிறாய் என்று விவரம் தெரியாதவர்கள் கேட்பார்கள். அது வீண் இல்லை, சொரிமுத்து நிற்கிற இடம். ஆகவே ஒரு பாட்டு முடிந்த கையோடு அடுத்த பாட்டைத் தட்டிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அவர்கள் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.