பூத்த பயிரைப் புதைத்த முயல்

ஒரு காட்டில், ஓடைக்கரை வயல் ஒன்றுக்கு அநியாயம் நடந்தது. வரிசையாகக் கேளுங்கள், குழந்தைகளே. முதலில், முயலின் கத்தரிச் செடியில் அசுவினிப் பூச்சியைக் கண்ட நரி விஷப்பொடி கொண்டுவந்து தூவியது. இரண்டாவது, அசுவினியோடு அதைத் தின்னும் பொறிவண்டுகளும் செத்தன. மூன்றாவது, தவளைகள் வயலைவிட்டு ஓடின. நான்காவது, மண்புழுக்கள் மேலே வந்து துடித்து மடிந்தன. ஒவ்வொரு முறையும் நரி, "இன்னும் ஒரு பிடி போடு முயலக்கா, சரியாகிவிடும்" என்றது.

சரியாகவில்லை. மண் ஓடாக இறுகியது. அசுவினி மட்டும் திரும்பி வந்தது.

"விளையாத வயல் உனக்கு எதற்கு? என்னிடம் கொடுத்துவிடு" என்றது நரி.

முயலுக்கு வேறு வயல் கிடையாது. வரப்பில் உட்கார்ந்து அழுதது. பக்கத்துச் சாணக் குவியலிலிருந்து நெளியன் என்னும் மண்புழு தலையை நீட்டியது. அந்த வயலின் மண்புழுக்களில் மிஞ்சியது நெளியன் குடும்பம் மட்டும்தான்.

"இங்கே அழாதே அக்கா, மண் உப்புக் கரிக்கிறது. செடிக்கு மருந்து போட்டாயே, எங்களுக்கு என்றைக்காவது சோறு போட்டாயா?"

"உங்களுக்கு என்ன சோறு?"

"தழைதான். கம்பு, எள், கொள்ளு, சணப்பு எல்லாவற்றையும் கலந்து விதை. பூத்ததும் மடக்கி உழுதுவிடு."

"பூத்த பயிரையா? மனசு வருமா?"

"காய்க்க விட்டால் தண்டு முற்றிவிடும். எனக்குப் பல் இல்லை, அக்கா."

முயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விதைத்தது. வயல் மஞ்சளாகப் பூத்தபோது, கண்ணை மூடிக்கொண்டு காட்டுப்பன்றியைக் கூப்பிட்டது. பன்றி மூக்கால் புரட்டிப் போட்டது.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "பூத்ததைப் புதைத்த புத்திசாலியே, கத்தரி அறுப்பன்று காட்டையே கூட்டி வருகிறேன். விளைந்திருந்தால் வயல் உனக்கு. இல்லையென்றால் எனக்கு."

"சரி" என்றது முயல்.

தழை மட்கியது. நெளியன் குடும்பம் பெருகியது. முயல் கத்தரி நட்டது. இலையில் மறுபடியும் அசுவினி. முயலின் கை பழைய பொடியைத் தேடியது.

"பொறு அக்கா. விருந்தாளி வருவதற்குள் சாப்பாட்டில் விஷம் வைக்காதே" என்றது நெளியன்.

முயல் கையை எடுத்துக்கொண்டது. சில நாளில் பொறிவண்டுகள் வந்து இறங்கின. பின்னாலேயே தவளைகளும் வந்தன.

அறுப்பன்று நரி காட்டையே திரட்டி வந்தது. தலைவர் யானை வயலில் கால் வைத்தார். கால் மெத்தென்று புதைந்தது. செடிக்குச் செடி கத்தரிக்காய் தொங்கியது.

"இலையில் இன்னும் பூச்சி இருக்கிறதே, தலைவரே" என்றது நரி.

"இருக்கட்டும். பொறிவண்டுக்கும் பசிக்குமே" என்றது முயல்.

உழுதவர் பெயரை ஊரறியச் சொன்ன பிறகே அறுப்பைத் தொடங்குவது அந்தக் காட்டு வழக்கம். "யார் பெயரைச் சொல்லட்டும்? உன் பெயரா, பன்றியின் பெயரா?" என்று யானை கேட்டார். முயல் அவர் காதில் ஒரு பெயரைச் சொன்னது.

"மண்ணுக்குள் கிடப்பதற்கெல்லாம் பெயரா?" என்றது நரி.

யானை அதைக் காதில் வாங்கவில்லை. நரி கூட்டி வந்த அத்தனை சாட்சிகளும் கேட்க, தும்பிக்கையை உயர்த்திச் சொன்னார்:

"இந்த வயலின் உழவர், நெளியன்."

நீதி: மண்ணுக்குள் உழைப்பவரைக் கொன்றுவிட்டு, மண்ணிடம் விளைச்சல் கேட்கக் கூடாது.