துணைச் சபையின் கையிருப்பு

மணற்குன்றத்தை ஆண்ட சொக்கேச பூபதிக்குப் பாட்டு பிடிக்கும், கூத்து பிடிக்கும், கணக்கு மட்டும் பிடிக்காது. கணக்கு ஏட்டைக் கண்டாலே கொட்டாவி வந்துவிடும். அதனால் நாட்டின் வரவு செலவெல்லாம் கருவூல அதிகாரி ஆவுடையப்பரின் பொறுப்பு. ஆவுடையப்பர் திருடர் இல்லை. தனக்கென்று ஒரு காசு எடுத்தவர் இல்லை. ஆனால் கருவூலத்திலிருந்து பணம் வெளியே போகும் நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

அதே ஊரில் வெயிலுகந்தாள் என்ற அம்மாள், இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு துணைச் சபை என்று ஒன்றை நடத்திவந்தாள். ஆதரவில்லாத முதியவர்களுக்குக் கஞ்சி, ஏழை வீட்டுப் பிரசவத்துக்கு மருத்துவச்சி, படுத்துக் கிடப்பவர்களுக்கு மருந்து என்று அவர்கள் ஓயாமல் அலைவார்கள். அதற்கு அரண்மனை ஆண்டுக்கு முந்நூறு பணம் மானியம் கொடுத்தது. அந்த முந்நூறுதான் ஆவுடையப்பரின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அந்த ஆண்டு அவர் ஒரு வேலை செய்தார். மன்னர் கூத்துப் பார்த்து மகிழ்ந்திருந்த வேளையில் ஓர் ஓலையை நீட்டி முத்திரை வாங்கிவிட்டார். "ஆண்டு முடிவில் கையிருப்பைத் தர்பாரில் கொண்டுவந்து காட்டாத சபைக்கு மறு ஆண்டு மானியம் இல்லை." அவ்வளவுதான் ஓலை.

ஆண்டு முடிய ஒரே ஒரு நாள் இருக்கும்போது ஓலை வந்து சேர்ந்தது. வெயிலுகந்தாள் கணக்கு ஏட்டைப் புரட்டினாள். வரவு முந்நூறு, செலவு முந்நூறு. சபைப் பெட்டியைக் கவிழ்த்தால் ஒரு செல்லாக்காசு கூட விழாது. கடைசி நாற்பது பணமும் போன மாதம் எலும்பு வைத்தியருக்குப் போயிருந்தது. மானியம் நின்றால் கஞ்சிக்கு வரும் முப்பது பேரிடம் என்ன சொல்வது என்று நினைக்கவே அவளால் முடியவில்லை. நேராகக் குழைக்காதர் வீட்டுக்குப் போனாள். அரசவையில் விகடம் பேசிப் பிழைப்பவர் அவர். மன்னரையே கிண்டல் செய்துவிட்டுப் பரிசும் வாங்கி வருபவர்.

குழைக்காதர் ஓலையை இரண்டு முறை படித்தார். பிறகு சபையின் கணக்கு ஏட்டை வாங்கி வரி வரியாகப் பார்த்தார். வைத்தியருக்குக் கொடுத்த நாற்பது பணத்தில் விரலை வைத்து, அது யாருக்காக என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் ஏட்டை மூடிவைத்தார்.

"கவலைப்படாதீர்கள் அம்மா. உங்களிடம் கையிருப்பு இருக்கிறது. நாளைக்கு அந்த ஆளையும் தர்பாருக்கு அழைத்து வாருங்கள்."

மறுநாள் தர்பாரில் ஆவுடையப்பர் கணக்கை உரக்கப் படித்தார். செலவு முந்நூறு என்று படிக்கும்போது குரல் கம்மியது. ஏட்டில் மிச்சம் என்று எதுவும் இல்லை, ஓலைப்படி கையிருப்பை இப்போதே காட்டட்டும் என்றார். மன்னர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு வெயிலுகந்தாளைப் பார்த்தார்.

குழைக்காதர் எழுந்து, வாசலில் நின்றிருந்த ஒருவரை முன்னால் அழைத்து வந்தார். பூதலிங்கம் என்ற கல்தச்சர். குழைக்காதர் அவருடைய வலது கையைப் பிடித்து உயர்த்தினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தழும்பு ஓடியது.

"மகாராஜா, இவர் கைமேல் பெரிய கல் விழுந்தது. வெட்டி எடுக்க வேண்டியதுதான் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். சபை நாற்பது பணம் கொடுத்து வேறு வைத்தியரை வைத்தது. இதோ, கை இருக்கிறது. சபையின் கையிருப்பு இதுதான்."

தர்பாரில் சிரிப்பு எழுந்தது. கையிருப்பு என்றால் பணம் என்பது குழந்தைக்கும் தெரியும் என்று ஆவுடையப்பர் சீறினார்.

"ஓலையில் பணம் என்ற சொல்லே இல்லையே. எழுதியது நீங்கள். சொல்லிலும் சிக்கனம் பிடித்துவிட்டீர்கள்" என்றார் குழைக்காதர்.

மன்னர் சிரிக்கவில்லை. அவர் கண் அந்தத் தழும்பிலேயே இருந்தது. கல் எங்கே விழுந்தது என்று கேட்டார்.

பூதலிங்கம் தயங்கினார். "தங்கள் வசந்த மண்டபத்தில்தான், மகாராஜா. தூண் நிறுத்தும்போது."

மன்னருக்கு முகம் சிவந்தது. தன் மண்டபத்தில் ஒருவன் அடிபட்டதும் தெரியாது, அவனைக் காப்பாற்றியது யார் என்பதும் தெரியாது.

ஆவுடையப்பர் மட்டும் விடவில்லை. அப்படியே வைத்துக்கொண்டாலும் இந்தக் கையிருப்புக்கு என்ன மதிப்பு எழுதுவது என்று கேட்டார்.

"அதை நீங்களே சொல்லுங்கள்" என்றார் குழைக்காதர். "உங்கள் வலது கைக்கு ஒரு விலை சொன்னால் அதையே இதற்கும் எழுதிவிடலாம். குறைத்துச் சொன்னால் அந்த விலைக்கு உங்கள் கையை இப்போதே வாங்கிக்கொள்கிறேன். கூட்டிச் சொன்னால், சபை உங்கள் கருவூலத்தைவிடப் பணக்காரச் சபை ஆகிவிடும்."

ஆவுடையப்பரின் வலது கை மெல்ல அங்கவஸ்திரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதைப் பார்த்ததும் மன்னருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு மானியத்தை ஐந்நூறாக உயர்த்தினார். வைத்தியருக்குக் கொடுத்த நாற்பது பணத்தைக் கருவூலமே சபைக்குத் திருப்பித் தர வேண்டும், மண்டப வேலையில் யார் அடிபட்டாலும் இனி அரண்மனையே பார்த்துக்கொள்ளும் என்று உத்தரவிட்டார். வெயிலுகந்தாள் கைகூப்பினாள்.

ஆவுடையப்பர் பெருமூச்சோடு ஏட்டைத் திறந்தார். எழுத்தாணியைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். இப்படி ஒரு செலவை அவர் இதுவரை எழுதியதே இல்லை.

"இந்த நாற்பதை எந்தச் செலவில் எழுதுவது?" என்று குழைக்காதரிடமே கேட்டார்.

"செலவில் ஏன் எழுதுகிறீர்கள்? பூதலிங்கம் நாளைக் காலையில் மண்டப வேலைக்கு வருகிறார். வரவு என்று எழுதுங்கள்."