மணையின் நுனி

ஆற்றங்கரை மடத்தில் கதை சொல்லக் கற்றுக்கொடுத்தவர் தளவாய். அவருக்கு ஆவுடையப்பன் என்று ஒரு சீடர். சீடர் குருவைவிட மூத்தவர். குரு அவரை அண்ணாச்சி என்பார், அவர் குருவை ஐயா என்பார். அதில் இருவருக்கும் கூச்சம் இல்லை.

கூச்சம் இல்லாத ஆவுடையப்பனுக்குப் பொறாமை மட்டும் நிறைய இருந்தது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இந்த வருஷம் வடிவுதான் கதை சொல்லப் போகிறாள் என்று குரு அறிவித்திருந்தார். வடிவு போன ஆடியில்தான் மடத்துக்கு வந்தவள். அறிவித்த நாளிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தார். அவள் கதை பழகும் குரல் கேட்டால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார். மாடு குடித்து முடித்திருந்தாலும் போவார்.

ஒரு நாள் தாங்க முடியாமல் குருவிடம் போய் நின்றார்.

"என் கதையில என்ன குறை, ஐயா? நல்லவன் நல்லவனா இருக்கான். கெட்டவன் கெட்டவனா இருக்கான். கேக்கிறவங்க ஏன் தூங்கிடுதாங்க?"

குரு இரண்டு மணைகளை எடுத்து எதிரெதிராகப் போட்டார்.

அந்த மடத்தில் கதை பழகும் முறை அது. கதையில் சண்டையிடும் இருவருக்கும் ஆளுக்கொரு மணை. யார் பேச்சைப் பேசுகிறோமோ அவர் மணையில் போய் உட்கார்ந்து பேச வேண்டும்.

"உங்களுக்கும் வடிவுக்கும்தான் வழக்கு. கதையாச் சொல்லுங்க, அண்ணாச்சி."

தன் மணையில் உட்கார்ந்ததும் ஆவுடையப்பனுக்குப் பேச்சு மடை திறந்துகொண்டது. இந்த மடத்துக்குக் கூரை வேய்ந்தது யார், குரு காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றியது யார், வருஷக்கணக்காய் ஒவ்வொரு கொடைக்கும் அடுத்த வருஷம் என்று மனசைத் தேற்றிக்கொண்டது யார் என்று கேட்டார். பந்தியில் முதலில் வந்து உட்கார்ந்தவனை விட்டுவிட்டுப் பின்னால் வந்தவளுக்கு இலை போடுவது என்ன முறை என்று கேட்டார். கண் கலங்கிவிட்டது.

"இனி வடிவு பேசட்டும்," என்றார் குரு.

ஆவுடையப்பன் எதிர் மணைக்கு மாறினார். "நான் இனிக்க இனிக்கப் பேசி ஐயாவை மயக்கிட்டேன். அண்ணாச்சி பங்கைத் தட்டிப் பறிச்சிட்டேன்."

குரு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மணையைப் பார்த்தார்.

"நுனியில உக்காந்திருக்கீங்க. இந்தா எந்திரிக்கப் போறவர் மாதிரி. கெட்டவன் மணையில நீங்க எப்பவும் அப்படித்தான் உக்காருவீங்க. நல்லா உக்காருங்க."

ஆவுடையப்பன் வேண்டாவெறுப்பாகப் பின்னால் நகர்ந்து சம்மணம் போட்டார். புளி உடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் வடிவு தன்னிடம் சொன்னது ஞாபகம் வந்தது. கேட்ட அன்றே அதை மறக்கப் பார்த்தவர் அவர்.

"என்னைப் பெறந்த வீட்டுலயும் கட்டிக்கொடுத்த வீட்டுலயும் இந்தக் கொடை வரைக்கும்தான் விட்டிருக்காங்க," என்றார் மெதுவாக. "மேடை ஏறலைன்னா அடுப்படிக்குத் திரும்பணும். அண்ணாச்சிக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கு. எனக்கு இல்லை. வரிசையில நிக்க எனக்கும் ஆசைதான். நேரம் இருக்கிறவங்களுக்குத்தான் வரிசை."

சொல்லிவிட்டு எழுந்து, பதில் சொல்வதற்காகத் தன் மணைக்கு வந்தார். பொறாமை அப்படியேதான் இருந்தது. தான் காத்திருந்ததும் பொய்யில்லை. ஆனால் அவளைத் திட்ட வார்த்தை கிடைக்கவில்லை.

அடுப்படியிலிருந்து சோறு தீயும் வாசம் வந்தது. சமையல்காரர் மாடசாமி கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்றிருந்தார். ஆவுடையப்பன் கதை ஆரம்பித்தால் முதலில் குறட்டை விடுகிறவர் அவர்தான்.

"பெறகு?" என்றார் மாடசாமி.

ஆவுடையப்பன் குருவைப் பார்த்தார்.

"கொடைக்கு யார்தான் போகணும், ஐயா? எனக்குத் தெரியலையே."

"அது உங்களுக்குத் தெரிஞ்சிருந்த வரைக்கும் மாடசாமி தூங்கிக்கிட்டிருந்தார், அண்ணாச்சி."