பொன்னம்மையின் தேள்

ஆற்றங்கரை மடத்துச் சாமிக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அதனால் பெண்களெல்லாம் அவருக்கு அக்கா, ஆண்களெல்லாம் அண்ணன். குருவே அக்கா என்று கூப்பிட்டால் அவர் காலில் எப்படி விழுவது என்று ஊரார் முதலில் கொஞ்சம் குழம்பினார்கள். பிறகு பழகிவிட்டது.

அந்த அக்காமாரில் பொன்னம்மையும் வடிவும் இரட்டைப் பிறவிகள். ஐம்பது வயதிலும் அச்சு அசல் ஒரே முகம். நரைகூட இருவருக்கும் ஒரே பக்கம்தான் விழத் தொடங்கியது. மோர்க்காரி ஒருத்திக்கு ஊற்றிவிட்டுத் தெருமுனையில் மற்றவளைப் பார்த்து, "அதுக்குள்ளயா குடிச்சு முடிச்சிட்டே?" என்பாள். பொன்னம்மையின் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில், பெண்டாட்டி என்று நினைத்துக் கொழுந்தியாளைத் திட்டிவிட்டு அசடு வழிந்து நின்றிருக்கிறார்.

பொன்னம்மை இதையெல்லாம் குறையாக நினைத்ததில்லை. ஒரு முகத்தை இரண்டு பேர் வைத்துக்கொண்டால் ஊர்தான் என்ன செய்யும் என்று சிரிப்பாள். போன வெள்ளிக்கிழமை வரைக்கும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று வடிவு மடத்திலிருந்து வரும்போதே சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள்.

"ஏட்டி பொன்னு, சாமி இன்னைக்கு எங்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா?"

"என்ன கேட்டாரு?"

"இப்பல்லாம் தூக்கம் வருதாக்கான்னு கேக்காரு. எனக்கா வராது? நான் படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன். நீன்னு நெனச்சிட்டாரு, பாவம்."

பொன்னம்மை சிரிக்கவில்லை. புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

அவள் ஏன் சிரிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகன் காய்ச்சலில் போய்விட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த மகன். காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, ஒரு மத்தியானம் பொன்னம்மை யாரிடமும் சொல்லாமல் ஆற்றில் இறங்கினாள். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் கால் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது.

கரையேறி, கால் போன போக்கில் மடத்துக்குள் நுழைந்தாள். சாமி சமையல்கட்டு வாசலில் முருங்கைக்கீரைக் குவியலோடு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கக்கா. உட்கார்ந்து இந்தக் கீரையை ஆய்ஞ்சு குடுங்க" என்றார்.

பொன்னம்மை ஆய்ந்தாள். முருங்கைக்கீரை சட்டென்று முடிகிற வேலையா என்ன? முடித்து அவள் எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

"நாளைக்கும் கீரை வரும்" என்றார் சாமி.

அவ்வளவுதான் அவர் சொன்னது. நாளைக்கும் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுநாள் எழுந்தாள். அதற்கு மறுநாளும் எழுந்தாள். ஆற்றில் இறங்கியதை மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை, வடிவிடம்கூட.

இப்போது வடிவு சிரித்ததும் அவளுக்கு அந்தக் கீரை நினைவு வந்தது. அந்த நாட்களில் மடத்துச் சமையல்கட்டுக்குத் தினமும் போய்க் கீரை ஆய்ந்தவள் வடிவுதான். சாமிக்கு ஆள் அடையாளம் தெரியாது என்றால், அன்றைக்கு அவர் வடிவென்று நினைத்தல்லவா பேசியிருக்கிறார்? சமையல்கட்டு வேலையாகத் தங்கைக்குச் சொன்னதைத் தனக்கென்று எடுத்து மடியில் கட்டிக்கொண்டு மூன்று வருஷம் உயிரோடு இருந்திருக்கிறோமே என்று நினைத்தபோது பொன்னம்மைக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம்தான் அதிகம்.

அன்றிரவு முழுக்கப் புரண்டுவிட்டு, விடிந்ததும் பச்சை குத்திக்கொள்வது என்று முடிவு செய்தாள். போனது போகட்டும், இனிமேலாவது சாமி தன்னைத் தானென்று தெரிந்துகொள்ளட்டும்.

தைப்பூசத்துக்காகப் பச்சை குத்துகிற ராக்கு வந்து ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் இறங்கியிருந்தாள். பொன்னம்மை போய்க் கையை நீட்டினாள். ராக்கு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு புள்ளிகூட இல்லையே. இந்த வயசுலயா மொதப் பச்சை?"

"இப்பத்தான் தேவப்பட்டுது."

"கொமரியா இருக்கையில வந்திருந்தா தோலு இழுத்த இழுப்புக்கு வரும். இப்பக் கொஞ்சம் வலிக்கும்."

"வலிக்கட்டும்."

ராக்கு சொல்லச் சொல்லப் பொன்னம்மை கேட்டுக்கொண்டாள். துவைத்துத் துவைத்து நைந்துபோன நூல் சேலையில் ஒரு துண்டு கிழிக்க வேண்டும். அகத்தி இலையையும் மஞ்சளையும் அரைத்து அதில் தடவி, காயவைத்துத் திரியாகச் சுருட்ட வேண்டும். விளக்கெண்ணெயில் எரித்துப் புதுச்சட்டியில் புகை பிடிக்க வேண்டும். அந்தக் கரியைக் குழைக்கப் பிள்ளை பெற்றவள் ஒருத்தியிடம் கொஞ்சம் தாய்ப்பால் வாங்கி வர வேண்டும்.

"வெறும் வயித்தோட வந்துராத. மயக்கம் போட்டு எம்மேல விழுந்தா உன்னைத் தூக்க எனக்கு ஆள் கிடையாது. என்ன உருவம் வேணும்?"

பொன்னம்மைக்கு மயில் பிடிக்கும். ஆனால் வடிவுக்கும் மயில் பிடிக்கும். தேர்க்கோலம் பிடிக்கும், வடிவுக்கும்தான் பிடிக்கும். தான் எதைக் குத்திக்கொண்டு போனாலும், அழகாயிருக்கே என்று அவளும் ஓடிவந்து அதையே குத்திக்கொள்வாள். தங்கை சுபாவம் அக்காளுக்குத் தெரியாதா? வடிவு தொடவே அஞ்சுகிற ஒன்றாக இருக்க வேண்டும்.

"தேள்" என்றாள்.

"தேளா? நல்லதுதான். தேள் குத்தின கைக்கு நெசத் தேளு கிட்ட வராது."

சாமியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்ய மனம் ஒப்பவில்லை. அவள் போனபோது அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"சாமி, பச்சை குத்திக்கலாம்னு இருக்கேன்."

"குத்திக்கோங்க."

"தப்பில்லையே?"

"தோல் உங்களோடதுதானேக்கா."

"அடையாளத்துக்குத்தான் சாமி."

"யாருக்கு அடையாளம்?"

உங்களுக்கு என்று சொல்ல வந்த பொன்னம்மை, கீழே சிந்தியிருந்த துருவலைப் பொறுக்கித் தட்டில் போட்டாள். சாமி அடுத்த மூடியை எடுத்துத் துருவத் தொடங்கினார்.

பூசத்துக்கு முந்தின நாள் மத்தியானம் புகை பிடித்தாள். காற்று வராமல் கதவைச் சாத்தி, மூன்று கல்லுக்கு நடுவில் விளக்கை வைத்து, மேலே சட்டியைக் கவிழ்த்தாள். திரிக்குக் கிழித்த சேலை வடிவுடையது. அதில் ஒன்றும் அதிசயமில்லை, இருவர் சேலையும் ஒரே கொடியில்தான் காயும். அகத்தி வாசமும் எண்ணெய்ப் புகையும் அறையை நிறைத்தன. சுடர் அசையாமல் நின்று எரிந்தது. கரி ஏறுவது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் ஏறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே சுவரில் சாய்ந்தவள் கண் அசந்துவிட்டாள்.

கனவில் ஆறு நிறையப் பெண்கள் நின்றார்கள். எல்லோருக்கும் அவள் முகம். ஒருத்தியும் பேசவில்லை, தண்ணீரும் சத்தம் போடவில்லை. கரையிலிருந்து அவள் மகன், "அம்மா" என்று கூப்பிட்டான். அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அவன் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். நான்டா, நான்தான்டா என்று அவள் கத்தினாள். குரல் வரவில்லை. விழித்தபோது சுடர் அணைந்திருந்தது. சட்டிக்குள் கரி பட்டுப்போலப் படிந்திருந்தது. பொன்னம்மை அதைக் கோழி இறகால் வழித்துக்கொண்டே அழுதாள்.

பூசத்தன்று காலையில் பனி ஆற்றையே மூடியிருந்தது. அக்கரை இல்லை, மண்டபத்துத் தூண்கள் பாதிதான் இருந்தன. பேசுகிறவர்களின் குரல் முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தார். ராக்கு கரியைப் பாலில் குழைத்து வைத்துவிட்டு, "போய்க் கையை நல்லாத் தேச்சுக் கழுவிட்டு வா" என்றாள். பொன்னம்மை படித்துறையில் இறங்கினாள். குளிர்ந்த தண்ணீரில் கையைத் தேய்த்தபோது, ஐம்பது வருஷம் சும்மா கிடந்த கை இன்றைக்கு ஒரு கையாக ஆகப்போகிறது என்று தோன்றியது. அதனால் கொஞ்சம் அதிக நேரமே நின்றுவிட்டாள்.

திரும்பி வந்தபோது ராக்கு எதிரில் அவளே உட்கார்ந்திருந்தாள். வடிவுதான். பக்கத்தில் பழையசோற்றுத் தூக்குவாளி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டியிருந்தாள். ராக்கு ஈர்க்குச்சியால் அந்தக் கையில் தேளை வரைந்து முடித்து, கொடுக்குக்கு ஒரு வளைவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வடிவு, என்னட்டி பண்ணுதே?"

ராக்கு நிமிர்ந்தாள். இவளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். குச்சியைக் கீழே வைத்தாள்.

"எனக்கென்னம்மா தெரியும்? கழுவிட்டு வந்து உக்காந்தேன்னு நெனச்சேன்."

வடிவு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "சோறு குடுக்கத்தான் வந்தேன். இவ கையைப் பிடிச்சா. சரி, மொதல்ல நாம குத்திப் பாப்போம், ரொம்ப வலிச்சா உன்னை வேண்டாம்னு சொல்லிரலாம்னு உக்காந்தேன். என்ன வரஞ்சிருக்கா? நான் இன்னும் பாக்கலை."

"பாக்காத" என்றாள் பொன்னம்மை.

அதற்குள் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கையை இழுக்கவில்லை. "ஒனக்கு இதுதான் பிடிச்சிருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பொன்னம்மைக்குக் கோபம் தலைக்கேறியது. அடையாளம் வைக்கிறவளுக்கே அடையாளம் தெரியவில்லை. தேளுக்கும் பயப்படாமல் ஒருத்தி பின்னாலேயே வருகிறாள். அவளைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பனிக்குள் நடந்தாள்.

சாமி மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். முதலில் விளக்குமாற்றின் சத்தம் கேட்டது. பிறகு அவர் தெரிந்தார்.

"நான் யாரு சாமி?"

சாமி சிரித்தார். "அதைக் கேட்டுத்தானே எல்லாரும் இங்க வர்றோம்."

"அந்தக் கேள்வி இல்ல. பொன்னம்மையா வடிவான்னு கேக்கேன்."

சாமி விளக்குமாற்றைச் சாய்த்துவைத்துவிட்டுக் கிட்டே வந்தார். அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"தெரியலையேக்கா. உங்க ரெண்டு பேரையும் பிரிச்சுப் பார்க்க எனக்கு ஒருநாளும் வந்ததில்ல."

"பொன்னம்மை."

"சரிக்கா."

"போன வெள்ளிக்கிழம வடிவுகிட்டத் தூக்கம் வருதான்னு கேட்டீங்களாமே."

"கேட்டேன். ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுடுவேன். ரெண்டுல ஒருத்தர் நீங்களாத்தானே இருக்கணும்."

அதே வாரத்தில் தன்னிடமும் அவர் கேட்டது பொன்னம்மைக்கு நினைவு வந்தது. மனம் கொஞ்சம் இளகியது, ஆனால் ஆறவில்லை. மூன்று வருஷமாகப் பூட்டி வைத்திருந்ததை எடுத்து முன்னால் வைத்தாள்.

"எம் பையன் போன பெறகு, ஒருநாள் மத்தியானம். நீங்க கீரை ஆயச் சொன்னீங்க. நாளைக்கும் கீரை வரும்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அது எனக்குச் சொன்னதா, வடிவுக்குச் சொன்னதா?"

பொன்னம்மை ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அந்தச் சொல்லுலதான் நான் இருக்கேன் சாமி. அது எனக்கில்லன்னா எனக்குன்னு ஒண்ணுமே இல்ல."

ஆற்றுப்பக்கம் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பனியில் பெயர் சரியாகக் கேட்கவில்லை.

"அன்னைக்கு வந்தது யாருன்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றார் சாமி.

பொன்னம்மை கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆத்துல குளிச்சுட்டு வர்றவங்களுக்குத் தலை நனைஞ்சிருக்கும். அன்னைக்கு வந்தவங்களுக்குத் தலை காய்ஞ்சிருந்துச்சு. இடுப்புக்குக் கீழே மட்டும் சேலை சொட்டிக்கிட்டு இருந்துச்சு. அது காயிற வரைக்கும் அவங்களை உட்கார வைக்கணும்னு தோணுச்சு. கையில கீரைதான் இருந்துச்சு."