ஜெசிந்தா டீச்சரின் ஏற்புரை

"மேடையில என்ன பேசப் போறீங்க டீச்சர்?" என்று கேட்டார் நல்லசிவன்.

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, தன் மகள் வயதுள்ள ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்திருந்தார்.

அன்று மாலை தூத்துக்குடியில் அவளுக்குச் சிறந்த சிறப்பாசிரியர் விருது.

"இன்னும் யோசிக்கல சார்."

"உங்க முறை என்னன்னு கேப்பாங்களே. நானே எத்தன நாளா கேக்கேன், சொல்ல மாட்டேங்கீங்க."

ஜெசிந்தா சிரித்தாள்.

"உங்களுக்கு இளகின மனசு சார். பிள்ளைங்க கேக்கிறதுக்கு முந்தியே எடுத்துக் குடுத்துருதீங்க."

அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் நல்லசிவன். பக்கத்தில் ஜெசிந்தாவிடம் படிக்கும் மதிவதனியும் அவள் அம்மாவும்.

மதிவதனிக்கு ஒன்பது வயது. எப்போதாவது ஒரு சொல் பேசுகிறாள் என்று ஜெசிந்தா சொல்வாள். அம்மா நம்பியதில்லை. அவள் பேசி நல்லசிவனும் கேட்டதில்லை.

ஜெசிந்தாவின் பெயரை அழைத்தார்கள். மேடையேறினாள். விருந்தினர் விருதை நீட்டினார்.

அவள் கை நீட்டவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதிவதனி உதட்டை நக்கிக்கொண்டு, சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம் ஐயா" என்று ஜெசிந்தா படியிறங்கி வந்தாள். பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்தாள்.

"மதி, தண்ணி வேணுமா?"

மதிவதனி மின்விசிறியைப் பார்த்தாள்.

"வேணும் டீச்சர், அவளுக்குத் தாகம்" என்றாள் அம்மா.

ஜெசிந்தா உதட்டில் விரல் வைத்தாள்.

நல்லசிவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். ஜெசிந்தா திரும்பிப் பார்க்காமலே அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பக் கேட்கவில்லை. அவசரப்படுத்தவில்லை. மாலை நேரம் முழுக்கத் தன்னுடையது என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

பின்வரிசைகளில் முணுமுணுப்பு எழுந்தது. தொகுப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ இருமினார்கள்.

பிறகு ஒவ்வொரு வரிசையாகப் பேச்சு அடங்கியது. விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

மதிவதனியின் உதடு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

"மோர்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெசிந்தா தலையசைத்தாள், கேட்டதைக் கொடுக்கக் கடைக்காரர் சம்மதிப்பதுபோல.

"மோர். சரி."

நல்லசிவன் பாட்டிலை மூடினார். வாங்கி வருவதற்காக எழுந்து, வாசல்வரைக்கும் போனார்.

நின்றார். திரும்பி வந்தார். முழங்கால் வலியோடு மெதுவாக மதிவதனிக்கு முன்னால் குந்தினார்.

"உப்புப் போட்டதா, போடாததாம்மா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மேடையில் விருதைப் பிடித்தபடி விருந்தினரும் காத்திருந்தார்.